கோட்டம் தீர்க்கும் கருவி: மூலைமட்டத்தின் வரலாறு



நன்னூலின் பாயிரத்தைத் தொடாமல் இலக்கணம் கற்பித்த தமிழாசிரியர் அரியர். நூலின் மாண்பு யாது எனப் பவணந்தி முனிவர் கூறும் இடத்தில், எதிர்பாராத வகையில் ஒரு தச்சுப்பட்டறை நம் கண்முன் வந்து நிற்கிறது. வளைந்த மரத்தின் கோட்டத்தைத் தச்சரின் நூல் தீர்ப்பதுபோல, மாந்தர் மனத்தின் கோட்டத்தைக் கற்கும் நூல் தீர்க்கும் என்பது அவ்விடத்துக் கருத்து. ஒரே சொல் கயிற்றையும் சுவடியையும் குறிப்பதால் அமைந்த உவமை அது.

அந்நூற்பாவை நாம் அறவுரையாகக் கற்பிக்கிறோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். ஆனால் அந்தத் தச்சரின் நூல் எத்தகையது, அதனுடன் வேறு எந்தக் கருவிகள் இருந்தன, மரத்தின் கோட்டம் உண்மையில் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்று வகுப்பில் கேட்பவர் மிகச் சிலரே. உவமேயத்தைக் கற்பித்து உவமானத்தை மறந்துவிட்டோம். அந்த மறதியைச் சிறிதளவேனும் போக்குவதே இவ்வுரையின் நோக்கம். நூலுக்குத் துணையாகப் பட்டறையில் இருந்த மற்றொரு கருவியாகிய மூலைமட்டத்தை ஈண்டு ஆராய்வோம். இரண்டு மரத்துண்டுகளைச் செங்கோணத்தில் பொருத்திய எளிய கருவி அது. கடையில் வாங்க வேண்டுவதில்லை, பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அது சரியா தவறா என்பதையும் பிறரைக் கேளாமல் நாமே தெளியலாம். இந்த இரண்டாவது இயல்பே இக்கருவியின் வரலாற்றை நாம் கற்கத்தக்கதாக்குகிறது.

1. பெக்கோக்கும் மரமும்

ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில் லாபீசுக்கும் பாலோவுக்கும் இடையில் அமைந்தது பெக்கோக். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அப்பாதையின் ஓரத்து ஊர்களுள் இதுவும் ஒன்று. ஒருபுறம் ரப்பர்த் தோட்டங்கள். மறுபுறம் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. அக்காட்டின் செலாய் நுழைவாயிலுக்கு இவ்வூர் வழியாகவே செல்ல வேண்டும். காட்டின் மரங்களை நம் எல்லாரினும் முன்பே பெயர் சொல்லி அறிந்த ஜக்குன் பழங்குடியினர் இன்றும் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரில் மரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தும். மலாயாவின் காடுகள் செங்கால், பாலாவ், கப்பூர், மெரந்தி எனப் பல்வகை மரங்களை அளித்தன. தண்டவாளத்தின் கீழே கிடத்தப்பட்ட சிலிப்பர்க் கட்டைகளுக்கு வன்மரமே வேண்டும். அக்கட்டைகள் தண்டவாளத்திற்குச் செங்கோணமாகக் கிடக்கவும் வேண்டும். சாய்ந்தால் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் மாறுபடும். ஆகவே இவ்வூர் வழியே சென்ற முதல் தொடர்வண்டியும் செங்கோணத்தின் மீதுதான் ஓடியது எனலாம்.

புறநானூற்றில் ஔவையார் ஒரு பாடலில், கைத்திறன் வாய்ந்த தச்சரின் பிள்ளைகள் மழுவோடு காடு புகுவதை உவமையாக்குகிறார். திறனுடையவனுக்குக் காட்டில் எத்திசையிலும் மரம் உண்டு. அதுபோலப் புலவனுக்கு எத்திசையிலும் உணவு உண்டு என்று, வள்ளலின் வாயிற்காவலனிடம் தன்மானத்தோடு அவர் சொல்கிறார். புலவர் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளத் தச்சரைத் தேர்ந்தார் என்பது சிந்திக்கத் தக்கது. கடல் கடந்து மலாயாவின் காட்டோரங்களுக்கு வந்த நம் முன்னோரின் நிலைக்கும் அவ்வுவமை பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஔவையாரின் தச்சச் சிறார் மழுவைத் தாமே ஏந்திச் சென்றனர்; நம் முன்னோரோ பிறர் கொடுத்த கத்தியைப் பிடித்துப் பிறர் வகுத்த நிரையில் நின்றனர். இவ்வேறுபாட்டிற்குப் பின்னர் மீள்வோம்.

2. ஒரு சொல்லின் பல மட்டங்கள்

மூலை என்பது இரு பக்கங்கள் கூடும் இடம். மட்டம் என்பது சமநிலையையும் அளவையும் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்து மூலைமட்டம் என்றாயின. நீர்மட்டம், கடல்மட்டம், உயர்மட்டம் என்னும் வழக்குகளில் அச்சொல் நடுநிலையான அளவைச் சுட்டுகிறது. மட்டமான பொருள் என்னும்போது தாழ்வைச் சுட்டுகிறது. பள்ளிக்கு மட்டம் போடுதல் என்னும் வழக்கை மாணவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கட்டடத் தொழிலாளர் கையில் ரசமட்டம் உண்டு. கிடைநிலையை அது காட்டும். செங்குத்து நிலையைக் காட்டுவது தூக்குக்குண்டு. அவ்விரண்டும் கூடும் மூலையைக் காட்டுவது மூலைமட்டம்.

செங்கோணம் என்னும் பள்ளிச் சொல்லையும் நோக்குவோம். கோண் என்பது தமிழில் வளைவு. கோணல் என்பது அதன் வழிச் சொல். செம்மை என்பது நேர்மை. வளைவுகளுள் நேர்மையான வளைவு என்பதாகச் செங்கோணம் ஒலிக்கிறது. திருக்குறள் நல்லாட்சியைச் செங்கோன்மை என்றும் தீய ஆட்சியைக் கொடுங்கோன்மை என்றும் இரண்டு அதிகாரங்களாக வகுத்தது. செங்கோல் நேரான கோல். கொடுங்கோல் வளைந்த கோல். அறத்தைப் பற்றிப் பேசத் தமிழ் தேர்ந்துகொண்ட சொற்களுள் பல, மரத்தின் நேர்மையையும் கோணலையும் கண்ணால் பார்த்த மக்களின் சொற்களாகவே உள்ளன.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் நோர்மா என்பது தச்சரின் மூலைமட்டம்; இயல்பு என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் நார்மல் என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. சீன மொழியில் வட்டம் வரையும் கருவியின் பெயரையும் மூலைமட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒழுங்கு, நடைமுறை என்று பொருள். மலாய் மொழியில் சிகு என்பது முழங்கை; தச்சரின் மூலைமட்டத்தையும் அவர்கள் சிகு சிகு என்பர். மடக்கிய முழங்கையில் மலாயர் மூலையைக் கண்டனர். நாமோ அதே முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தை முழம் என்று கொண்டு முழக்கோல் செய்தோம். ஒரே உறுப்பில் ஒரு மொழி கோணத்தையும் மற்றொரு மொழி நீளத்தையும் கண்டன.

தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களையும் ஈண்டு நினைக்கலாம். கட்டில் என்பது காத்தில் ஆயிற்று. பெட்டி என்பது பெத்தி ஆயிற்று. கப்பல் என்பது காப்பால் ஆயிற்று. இம்மூன்றும் தச்சர் கைப்பட்ட பொருள்கள். பெயர் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் அப்பொருளும், அப்பொருளைச் செய்யும் அறிவும் உடன் சென்றிருத்தல் இயல்பு.

3. கயிற்றின் வழி

செங்கோணம் அமைக்க மாந்தர் கண்ட வழிகள் இருவகைப்படும். ஒன்று கயிற்றின் வழி. மற்றொன்று கோலின் வழி. முன்னது நிலத்தில் வீடும் கோயிலும் வகுப்போர்க்கு உரியது. பின்னது பலகையின்மேல் வேலை செய்வோர்க்கு உரியது.

கயிற்றின் வழிக்குப் பழந்தமிழ்ச் சான்று நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய அப்பாட்டில் பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி வருகிறது. கோல்கள் நட்டு, ஞாயிறு எப்பக்கமும் சாராத நண்பகல் வேளையில் நிழலை நோக்கி, நூலறிந்தோர் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசை வகுத்தனர் என்பது அதன் பொருள். இங்கும் நூல் என்னும் சொல் இருபொருளும் தருமாறு நிற்பதைக் காண்க. நண்பகலின் நிழல் வடக்குத் தெற்காக விழும். அக்கோட்டுக்குச் செங்கோணமாகக் கிழக்கு மேற்கைப் பெற வேண்டும்.

அதனைப் பெறும் முறையைத் தென்னாட்டுச் சிற்பநூலாகிய மயமதம் விளக்குகிறது. சமன் செய்த நிலத்தில் முளையொன்றை நட்டு, அதனைச் சுற்றி வட்டம் வரைவர். முற்பகலிலும் பிற்பகலிலும் முளையின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைக் குறிப்பர். அவற்றை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். பின்னர் அவ்விரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு இரு வட்டங்கள் வரைந்தால் நடுவே மீன் வடிவம் ஒன்று தோன்றும். மீனின் தலையையும் வாலையும் இணைக்கும் கோடு வடக்குத் தெற்காகும். இதுவே இன்று நம் மாணவர் கவராயம் கொண்டு செய்யும் செங்குத்து இருசமவெட்டி.

இன்னொரு முறை அளவுகளைக் கொண்டது. வேள்விமேடை அமைப்போர்க்கு எழுந்த சுல்ப சூத்திரங்கள் கயிற்றின் நூல்களே. சுல்பம் என்றால் கயிறு. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் அமையும் சதுரம், இரு பக்கங்களின்மேல் அமையும் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்பதைப் போதாயனர் கூறினார். 3, 4, 5 என்னும் அளவுகளும் 5, 12, 13 என்னும் அளவுகளும் அம்மரபில் வருகின்றன. இவற்றிற்கு அலகு வேண்டுவதில்லை. மூன்று முழமும் நான்கு முழமும் ஐந்து முழமும் ஆகலாம், அடியாகலாம், மீட்டராகலாம். எவ்வாறாயினும் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட மூலை செங்கோணமே.

ஒரு கருத்தை இங்குத் திருத்திக்கொள்வது நன்று. பண்டை எகிப்தியர் பன்னிரண்டு முடிச்சுக் கயிற்றால் 3, 4, 5 முக்கோணம் அமைத்துப் பிரமிடுகளைக் கட்டினர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. கயிறு பிடித்து நிலம் அளந்தோர் எகிப்தில் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் அம்முடிச்சுக் கயிற்றுக்கு அக்காலத்துச் சான்று கிடைத்திலது. மெசபத்தோமியாவில் அத்தகைய எண்களின் பட்டியல் ஏறத்தாழ கி.மு. 1800ஐ ஒட்டிய களிமண் பலகை ஒன்றில் உள்ளது. சான்று உள்ள இடத்தில் சான்றைச் சொல்வதும், இல்லாத இடத்தில் அடங்குவதும் வரலாறு கற்பிப்போரின் மூலைமட்டம்.

4. கோலின் வழி

எகிப்தில் கயிற்றுக்குச் சான்று இல்லாவிடினும் மூலைமட்டத்துக்கு உண்டு. தெயிர் எல் மதீனாவில் அரசர் கல்லறைகளைச் செய்த கைவினைஞர் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான சென்னெஜெம் என்பவரின் கல்லறை 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவர் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டு. அக்கல்லறையில் மரத்தாலான மூலைமட்டமும், தூக்குக்குண்டு தொங்கும் மட்டக்கருவியும் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அக்கருவியை இன்றைய தச்சர் ஒருவர் கையில் கொடுத்தால், இது என்ன என்று கேட்கமாட்டார்.

உரோம நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் எழுதிய தம் நூலின் ஒன்பதாம் பகுதியில், மூலைமட்டம் செய்வோர் படும் பாட்டைப் பேசுகிறார். தச்சர் எவ்வளவு முயன்றும் முற்றிலும் சரியான மூலைமட்டம் அமைவது அரிது. ஆனால் 3 அடி, 4 அடி, 5 அடி நீளமுள்ள மூன்று கோல்களை முனையோடு முனை சேர்த்தால் அது தானே அமையும் என்று கூறி, அதன் பெருமையைப் பித்தகோரசுக்கு அளிக்கிறார். கயிற்றுக்காரர் அறிந்த உண்மை கோலின் பட்டறைக்குள் நுழைந்த இடம் இது.

சீனத்தில் ஆன் அரசர் காலத்துப் புடைப்புச் சிற்பங்களில் பூசி என்னும் தொன்மத் தந்தை மூலைமட்டம் ஏந்தி நிற்கிறார். அவர் துணைவி நுவா வட்டக்கருவி ஏந்தி நிற்கிறாள். உலகை ஒழுங்கு செய்தோர் கையில் படைக்கலம் இல்லை, தச்சுக் கருவிகளே உள்ளன. சீனத் தச்சர் லூ பான் என்பவரைத் தம் தொழிலின் ஆசானாகப் போற்றுவர். மைக்குடுவையில் தோய்ந்த நூலை இழுத்துச் சுண்டி மரத்தில் கோடிடுவதும் அவர்கள் வழக்கம். பவணந்தியார் சொன்ன நூலின் உடன்பிறப்பு அது.

மலாயர் தம் மரவீடுகளை இரும்பாணி இன்றியே கட்டினர். ஒரு மரத்தின் முனையைக் குறைத்து மற்றொரு மரத்தின் துளையில் செருகி, மரமுளையால் இறுக்குவது அவர்களின் தங்கம் என்னும் இணைப்பு முறை. துளையின் சுவர்கள் செங்கோணத்தில் இல்லையெனில் வீடே சாயும். இம்மாநிலத்தின் ஊர்ப்பெயர் ஒன்றிலும் கைத்தொழிலின் தடம் உண்டு: பத்து பகாட் என்பது உளியால் செதுக்கிய கல்.

நம் மரபில் கல்லில் வேலை செய்தோருக்கும் தச்சர் என்னும் பெயரே வழங்கியது. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் உள்ளது. ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்த அவ்விமானத்தை எழுப்பியவனுக்கு அரசன் தன் பெயரையே பட்டமாக அளித்தான். மரத்தில் பழகிய சொல்லும் அளவும் கல்லுக்கு ஏறின.

5. செய்முறை

வரலாற்றைக் கேட்பதோடு நில்லாமல் கருவியைச் செய்தும் பார்ப்போம். மூலைமட்டத்துக்கு இரு உறுப்புகள்: தடித்த பிடிக்கட்டை ஒன்று; மெல்லிய அலகு ஒன்று. பிடிக்கட்டை 150 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் தடிப்பும் உடையதாக இருக்கலாம். அலகு 250 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் போதும்.

மரத்தேர்வே முதற்பணி. நன்கு உலர்ந்த, இழை நேராக ஓடும், முடிச்சற்ற மரம் வேண்டும். மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வெயிலில் சுருங்கும். ஆனால் நீளவாக்கில் அம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாக்கிலேயே மிகுதி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் திங்கள்களில் நம் வீட்டுக் கதவுகள் சிக்குவதன் காரணம் இதுவே. பச்சைமரத்தில் செய்த மூலைமட்டம் சில வாரங்களில் பொய் சொல்லத் தொடங்கும்.

இரு துண்டுகளையும் இழைப்புளியால் இழைத்து, விளிம்புகளை நேராக்க வேண்டும். பிடிக்கட்டையின் ஒரு முனையில், தடிப்பை மூன்றாகப் பகுத்து, நடுப்பகுதியில் 6 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள காடியை வாளால் அறுத்து உளியால் எடுக்க வேண்டும். காடியின் அடித்தளமே அலகு அமரும் இருக்கை. அது கோணினால் அலகும் கோணும். ஆகவே ஒரேயடியாக வெட்டாமல் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அலகைப் பசையிட்டுச் செருகி, பசை இறுகுமுன் கோணத்தைச் சரிசெய்து அசையாமல் வைக்க வேண்டும். இறுகியபின் குறுக்கே இரு துளையிட்டு மரமுளை அடித்தால் இணைப்பு உறுதியாகும்.

பசை இறுகுமுன் சரிசெய்ய ஒரு செங்கோணம் வேண்டுமே, செங்கோணமே இல்லாதவர் என்செய்வார் என மாணவர் வினவலாம். நல்ல வினா. ஓரங்கள் கிழிந்த எந்தத் தாளையும் ஒருமுறை மடியுங்கள். ஒரு நேர்க்கோடு கிடைக்கும். அக்கோடு தன்மேலே படியுமாறு மறுமுறை மடியுங்கள். நான்கு தாள் அடுக்கும் கூடும் மூலை செங்கோணம். அரசு முத்திரை இட்ட அளவுகோல் இன்றி, பாகைமானி இன்றி, ஒரு கிழிந்த தாளிலிருந்து செங்கோணம் பிறக்கிறது.

6. புரட்டிப் பார்த்தல்

செய்த கருவி சரிதானா என அறியும் முறையே இவ்வுரையின் உயிர்நிலை. ஒரு பலகையின் விளிம்பை நேராக இழைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கட்டையை அவ்விளிம்பில் அழுத்தி, அலகின் வெளிவிளிம்பை ஒட்டிக் கூரிய கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். பின் மூலைமட்டத்தைப் புரட்டி, பிடி எதிர்ப்பக்கம் பார்க்குமாறு வைத்து, முதற்கோடு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கீறுங்கள். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் கருவி மெய்யானது. விரிந்தால் கருவி பொய்யானது. அவ்விரிவு பிழையின் இருமடங்கு.

எடுத்துக்காட்டாக, விளிம்பிலிருந்து 200 மில்லிமீட்டர் தொலைவில் இரு கோடுகளுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் விரிவு இருப்பின், உண்மைப் பிழை அரை மில்லிமீட்டர். அதனைச் சிறிதென்று விட்டு 2 மீட்டர் உயரமுள்ள கதவுச் சட்டம் செய்தால், அங்கே 5 மில்லிமீட்டர் கோணல் காணும். ஒவ்வொரு கோடும் தன் பிடி இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தால் கோணம் குறைவு. அலகின் வெளிவிளிம்பை அடியில் சிறிது இழைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் கோணம் மிகுதி. நுனியில் இழைக்க வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் கோடுகள் ஒன்றாகும்.

3, 4, 5 முறையாலும் இதனைச் சோதிக்கலாம். ஆனால் சிறிய கருவிக்கு அது போதிய நுட்பம் உடையதன்று. 150, 200, 250 மில்லிமீட்டர் என்று அளக்கும்போது, மூலைவிட்டத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் கோணத்தில் ஏறத்தாழ அரைப்பாகை பிழைபடும். புரட்டும் முறையில் அதே 1 மில்லிமீட்டர் விரிவு காட்டும் பிழை ஏழில் ஒரு பாகையே. நிலத்தில் 3, 4, 5 மீட்டர் கயிறு பிடிக்கும்போதோ 1 மில்லிமீட்டர்த் தவறு பாகையின் நாற்பதில் ஒரு பங்களவே கோணத்தைக் கெடுக்கும். ஆகவே பெருநிலத்துக்குக் கயிறும் சிறுபலகைக்குப் புரட்டலும் என இரு வழிகள் நிலைத்தன. இது பழக்கத்தால் மட்டும் அமைந்த பிரிவன்று. கணக்கால் அமைந்த பிரிவு.

புரட்டலின் சிறப்பு யாதெனில், அங்கே வேறொரு மெய்யான கருவி வேண்டுவதில்லை. ரசமட்டத்தையும் அவ்வாறே முன்பின் திருப்பி வைத்துச் சோதிப்பர். கருவி தன் பிழையைத் தானே இருமடங்காக்கிக் காட்டுகிறது.

7. அளவு யார் கையில்?

ரப்பர்த் தோட்டத்திலும் கோணம் இருந்தது. பால்மரத்தின் பட்டையில் வெட்டுக்கோடு இடமேலிருந்து வலக்கீழாக ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அமைய வேண்டும். பாற்குழாய்கள் பட்டைக்குள் சில பாகை சாய்ந்து ஓடுவதால், அவ்வாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். மரத்தைக் கொல்லாமல் மெல்லிய பட்டையை மட்டும் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்துப் பரப்பினார். வெட்டுக்கோட்டை மரத்தில் குறிப்பதற்கு நீண்ட சட்டத்தில் நெகிழும் தகரப்பட்டையைச் சரிவாகப் பொருத்திய கருவி பயன்பட்டது. அதுவும் ஒருவகை மூலைமட்டமே. அதன் மூலைதான் வேறு.

அச்சரிவை நாள்தோறும் கையால் காத்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். நூற்றுக்கணக்கான மரங்களில், விடியற்காலை இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், பட்டையின் உட்படலம் புண்படாமல் சரிவு மாறாமல் வெட்டினர். அது கைத்திறன் அன்று, கூலிவேலை என்றே ஏடுகளில் பதிவாயிற்று. அவர்கள் கொணர்ந்த பாலின் அளவு தராசில் பார்க்கப்பட்டது. அதிலுள்ள ரப்பரின் விகிதம் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் பார்க்கப்பட்டது. கருவி பார்த்தவர் ஒருவர். எண்ணை எழுதியவர் ஒருவர். வெட்டியவர் எதிரே நின்றார். அக்கருவி மெய் சொல்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் உரிமை அவரிடம் இல்லை. அளக்கும் கோல் பிறர் கையில் இருக்கும்போது செங்கோல் எது, கொடுங்கோல் எது என்று தெளிவது கடினம்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது மூலைமட்டம். அதைச் செய்பவரே சோதிக்கிறார்; சோதிப்பவரே திருத்துகிறார். அங்கே முதலாளியின் அளவு, தொழிலாளியின் அளவு என்று இரண்டு இல்லை.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படும். நெடுங்காலம் அது விறகாகவே எரிந்தது. 1980களில் அம்மரத்தை மருந்தூட்டிச் சூளையில் உலர்த்தி அறைகலன் செய்யும் தொழில் மலேசியாவில் பெருகிற்று. இன்று நாட்டின் அறைகலன் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் இதே ஜொகூரின் மூவார். நம் முன்னோர் பால் வெட்டிய மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் உலகெங்கும் செல்கிறது. நம் வகுப்பறை மேசையின் மூலையைத் தொட்டுப் பார்ப்போம்: அது செங்கோணமாக இருப்பின், எங்கோ ஒருவர் ஒரு மூலைமட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

8. முடிவுரை

மூலைமட்டம், காடி, இழைப்புளி, கொட்டாப்புளி, முழக்கோல், தூக்குக்குண்டு என்னும் சொற்கள் நம் மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? பொருள் பட்டறையில் இருக்க, பெயர் மட்டும் நம் நாவிலிருந்து நழுவுகிறது. அகராதியில் அச்சொற்களைக் காக்கலாம். ஆயினும் கருவியைக் கையில் எடுத்தவர் வாயில்தான் சொல் உயிரோடு இருக்கும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்னூலின் அந்நூற்பாவைக் கற்பிக்கும் நாளில் ஒரு நூற்கயிறும் சிறிது கரித்தூளும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். கயிற்றைக் கரியில் தோய்த்து, ஒரு கோணல் பலகையின்மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் காட்டுங்கள். கோட்டுக்கும் பலகையின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மாணவர் பார்க்கட்டும், அதுவே கோட்டம். கணித ஆசிரியர் அதே வாரம் தாளை மடித்துச் செங்கோணம் காட்டட்டும். கைவேலை ஆசிரியர் இரண்டு துண்டு ரப்பர் மரத்தில் மூலைமட்டம் செய்விக்கட்டும். மூவரும் ஒரே பாடத்தையே கற்பித்தவராவர்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். நீங்கள் முதலில் செய்யும் மூலைமட்டம் பெரும்பாலும் கோணலாகவே இருக்கும். இரு கோடுகளும் விரிந்து நிற்பதைக் கண்டு வருந்த வேண்டா. விரிவைக் கண்டதனாலேயே பாதி வேலை முடிந்தது. இன்னும் இரண்டு இழைப்பு இழைத்து மீண்டும் புரட்டிப் பாருங்கள்.